லூக்கா 15-ஐ வாலிபர் கூட்டத்தில் 20 நிமிடத்தில் பேச

பிரதர், லூக்கா 15-ல் இயேசு சொன்ன காணாமற்போன ஆடு, வெள்ளிக்காசு, இளைய மகன் என்ற மூன்று உவமையும் ஒன்றுபோலவே தெரிகிறது, 20 நிமிடத்துக்குள் எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் 1, 2 வசனங்களை வாசித்துவிடுங்கள். இயேசு பாவிகளோடு சாப்பிடுகிறார் என்று முறுமுறுத்த பரிசேயருக்கும் வேதபாரகருக்கும்தான் (அன்றைய யூத மதத் தலைவர்கள்) மூன்றுமே பதில். ஆடு, வெள்ளிக்காசு இரண்டுக்கும் சேர்த்து 5 நிமிடம் தாராளம். நூறில் ஒன்று, பத்தில் ஒன்று, தேடிப் போகிறது உடையவர்.

மீதி நேரம், சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய மகனுக்கு. 19-ம் வசனத்தில் தகப்பனிடம் சொல்ல அவன் யோசித்து வைத்த 'கூலிக்காரரில் ஒருவனாக' என்ற வரி 21-ல் இல்லை, பாருங்கள். அதற்குள் தகப்பன் உயர்ந்த வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார்! இதை இரண்டு பேரை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

பலர் 24-லேயே முடித்துவிடுவார்கள். முறுமுறுத்தவர்களுக்கான பங்கே அதற்கு அப்புறம்தான் வருகிறது. 28-ல், தம்பிக்கு விருந்தா என்று கோபித்து வெளியே நிற்கும் மூத்த மகனையும் தகப்பனே வந்து வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா என்று வேதம் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.