காலையில் கிளம்பும் பத்மினி கோயில் வாசலில் மறுப்பது ஏன்?

கேள்வி: அப்பா 1986-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி காரை இப்போது நான் ஓட்டுகிறேன். காலையில் சோக் இழுத்ததும் கிளம்பிவிடுகிறது. சனிக்கிழமைகளில் காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிக்குப் போவோம். அப்பாவுக்கு முழங்கால் வலி என்பதால் வண்டியிலேயே உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். தரிசனம் முடிந்து வந்து சாவியைத் திருகினால் செல்ஃப் விறுவிறுவென்று சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. சோக் இழுத்தும், ஆக்ஸிலரேட்டரை மாறி மாறி மிதித்தும் பார்த்துவிட்டேன். அரை மணி நேரம் விட்டால் தானாகக் கிளம்புகிறது. எல்லா வாரமும் இப்படி ஆவதில்லை என்பதுதான் குழப்பம். மெக்கானிக் பேட்டரியையும் பிளக்குகளையும் மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். இப்போது எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார். இறக்கலாமா?

– வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம் அம்மா. தேய்ந்துபோன எஞ்சின் என்றால் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில்தான் முதலில் முரண்டு பிடிக்கும். உங்களுடையது அந்த நேரத்தில் ஒழுங்காகக் கிளம்புகிறது. செல்ஃப் விறுவிறுவென்று சுற்றுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே பழைய பேட்டரியின் மீதும் குற்றம் இருந்திருக்காது. அதை மாற்றிய செலவு போனது போனதுதான்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அப்பா கேட்கும் பாட்டு. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் பின்னாளில் பொருத்திய ஸ்டீரியோவுக்கு இக்னிஷன் சாவியிலிருந்தே வயர் இழுத்திருப்பார்கள். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சாவியைப் போட்டு வைத்தாக வேண்டும். சாவி போட்டிருந்தால் ஸ்டீரியோவுக்கு மட்டுமா கரண்ட் போகிறது? பிளக்கில் ஸ்பார்க் வருவதற்கான உயர் வோல்ட்டைத் தயாரிக்கும் இக்னிஷன் காயிலுக்கும் போகிறது. எஞ்சின் ஓடும்போது, ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் என்ற சின்ன ஸ்விட்ச் மூடித் திறந்து, மூடித் திறந்து அந்தக் கரண்ட்டை இடைவிடாமல் வெட்டிக்கொண்டே இருக்கும். எஞ்சின் நின்றிருக்கும்போது வெட்ட ஆளில்லை. பத்மினிக்குப் போடும் சாதாரண காயிலின் மின்தடை சுமார் 3 ஓம். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 4 ஆம்பியர், அதாவது 50 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவான சூடு, அந்தச் சின்ன டப்பாவுக்குள் அடைபட்டுக் கிடக்கும். போதாததற்கு, ஓடி நின்ற எஞ்சினின் அனலும் பானட்டுக்குள் சேர்ந்துகொள்ளும். சூடேறிய பழைய காயில் தரும் ஸ்பார்க் பெட்ரோலைப் பற்ற வைக்கப் போதாது. ஆறிய பிறகு நல்ல பிள்ளையாகிவிடும்.

ஒரு வாரம் மறுத்து இன்னொரு வாரம் கிளம்புவதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. எஞ்சினை அணைக்கும்போது பாயிண்ட் மூடிய நிலையில் நின்றால் காயில் வேகும்; திறந்த நிலையில் நின்றால் கரண்ட்டே போகாது, அப்பா எவ்வளவு நேரம் பாட்டுக் கேட்டாலும் ஒன்றும் ஆகாது. எந்த நிலையில் நிற்கும் என்பது நம் கையில் இல்லை. நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றில் பாதிக்கு மேற்பட்ட நேரம் பாயிண்ட் மூடியே இருக்கும் என்பதால், மூடி நிற்கவே வாய்ப்பு அதிகம்.

அதற்காக அப்பாவின் பாட்டை நிறுத்த வேண்டியதில்லை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தனி வயரும் தனி ஸ்விட்சும் ஸ்டீரியோவுக்குக் கொடுத்துவிடுங்கள். ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு அது சின்ன வேலை.

ஆனால் நான் சொல்வது இதுவரை சந்தேகம் மட்டும்தான். அதை உறுதி செய்யும் சோதனையை வண்டி மறுக்கும் அந்த நேரத்தில், அந்த இடத்திலேயே செய்ய வேண்டும். மெக்கானிக் கையில் கொடுக்கும்போது வண்டி ஆறிப்போய்ச் சமர்த்தாகக் கிளம்பியிருக்கும். அவர் எதைக் கண்டுபிடிப்பார் பாவம்! டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியின் நடுவில் வரும் தடித்த வயரை உருவுங்கள். காய்ந்த மரக் கிளிப்பால் அதைப் பிடித்து, அதன் முனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி வைத்துக்கொண்டு அப்பாவைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். வெறுங்கையால் வயரைத் தொடாதீர்கள். கார்புரேட்டர் பக்கமோ, பெட்ரோல் வாடை வரும் இடத்திலோ இதைச் செய்யவே கூடாது. பட்பட்டென்று நீல நிறத்தில் ஸ்பார்க் பாய்ந்தால் காயில் நிரபராதி. நூல் போல மஞ்சளாக வந்தாலோ, வராமலே போனாலோ சந்தேகம் சரி.

அப்போதும் உடனே காயில் வாங்கிவிடாதீர்கள். பாயிண்ட்டைத் திறந்து பாருங்கள். ஒரு முகத்தில் மேடும் எதிர் முகத்தில் குழியுமாக இருந்தால் பாயிண்ட்டோடு இணைந்திருக்கும், அது தீய்ந்துபோகாமல் காக்கும் கண்டென்சர் கெட்டிருக்கலாம். அதுவும் சூட்டில் மக்கர் செய்யும் சாமான்தான், விலையும் சொற்பம். பாயிண்ட் முழுதாகத் திறக்கும்போது இடைவெளி 0.4 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். காயில்தான் என்று முடிவானால் கடையில் 3 ஓம் காயிலாகக் கேட்டு, மல்டிமீட்டரில் அளந்து வாங்குங்கள். தனி ரெசிஸ்டரோடு சேர்த்துப் போட வேண்டிய 1.5 ஓம் காயிலும் பார்ப்பதற்கு இதே மாதிரி இருக்கும். ரெசிஸ்டர் இல்லாமல் அதை மாட்டினால் இரண்டு மடங்கு கரண்ட் பாய்ந்து, பாட்டே இல்லாமலும் வெந்துபோகும். முன்பு எப்போதாவது காயில் மாற்றியிருந்தால் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

நீல ஸ்பார்க் வந்தும் கிளம்பவில்லையா? பிரச்சினை பெட்ரோலில். ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் மிகுந்துவிட்டது. எஞ்சின் சூட்டில் கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோல் கொதித்து உள்ளே வழியும். அந்த நேரத்தில் நீங்கள் சோக்கையும் இழுத்து ஆக்ஸிலரேட்டரையும் மாறி மாறி மிதிப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். சூடான எஞ்சினுக்குச் சோக் ஆகாது. ஆக்ஸிலரேட்டரை அடிவரை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, பத்து விநாடிக்கு மேல் போகாமல் செல்ஃப் அடியுங்கள். மிச்சப் பெட்ரோலைக் காற்று அடித்துப் போய்விடும்.

பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பம்ப் சூடாகி, பெட்ரோல் உள்ளேயே ஆவியாகிவிடுகிறது. பம்பாயில் பத்மினி டாக்ஸி ஓட்டியவர்கள் கோடைக்காலத்தில் பம்ப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றியது இதற்காகத்தான். உங்களுக்கும் அது உதவும்; டிஸ்ட்ரிப்யூட்டர் மேல் மட்டும் தண்ணீர் சொட்டக் கூடாது.

அந்தப் பம்ப்புக்குள் பெட்ரோலை இழுத்துத் தள்ளும் சவ்வான டயாஃப்ரத்தையும் ரப்பர் ஹோஸ்களையும் எப்படியும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1986-இல் போட்ட ரப்பர் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல. உப்பியிருந்தாலோ வெடித்திருந்தாலோ எத்தனால் தாங்கும் ஹோஸாகக் கேட்டு மாற்றுங்கள். இத்தனையும் செய்து பார்த்த பிறகும் மறுத்தால், ஸ்பார்க்கின் நிறத்தையும், கழற்றிய பிளக் ஈரமா காய்ந்ததா என்பதையும் குறித்து எழுதுங்கள்.