மாஸ்டர் எப்போது ‘அவன்’ ஆனார்?

அன்புள்ள அண்ணனுக்கு,

கோவை சரவணம்பட்டியில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். பத்து வருடம் ஐ.டி.யில் இருந்துவிட்டு இரண்டு வருடத்துக்கு முன்பு இதில் இறங்கினேன். என்னிடம் ஒன்பது பேர் வேலை செய்தார்கள். பத்தாவது ஆளைச் சேர்த்தால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) தொல்லை வரும் என்று ஆடிட்டர் சொன்னதால் ஒன்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

வியாபாரத்துக்குக் குறைவில்லை. ஆட்கள்தான் பிரச்சினை. ஆரம்பத்தில் நல்ல மாஸ்டர் ஒருவர் கிடைத்தார். முந்தைய கடையில் அவருக்கு இருந்த 35,000 ரூபாய் முன்பணக் கணக்கை நானே கட்டி முடித்துக் கூட்டி வந்தேன். சம்பளம் 18,000, சாப்பாடு, தங்க இடம். பத்து மாதம் கழித்து அவர் மனைவிக்கு ஆபரேஷன் என்றார். யோசிக்காமல் 25,000 கொடுத்தேன். ஒரு பிடிமானத்துக்காக அவர் ரேஷன் கார்டை வாங்கி வைத்துக்கொண்டேன். மாதம் ஒருமுறை ஊருக்குப் போகும்போது வாங்கிப்போய், திரும்பி வந்ததும் கொடுத்துவிடுவார். சேர்ந்ததிலிருந்தே மாதம் ஆயிரம் ரூபாய் பிடித்தம். மொத்தம் இருபது மாதம் இப்படி ஓடியது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் ஆளைக் காணோம். 40,000 பாக்கி. திருப்பூரில் ஒரு கடையில் 24,000-க்குச் சேர்ந்துவிட்டானாம். கார்டு என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது, எப்படியும் வருவான். போலீஸில் புகார் கொடுக்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

என் கேள்வி இதுதான். ஆளை எடுக்கும்போதே அவன் நேர்மையானவனா, நிலைத்து நிற்பானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என்னென்ன கேட்க வேண்டும்? நம் ஆட்கள் சோம்பேறி ஆகிவிட்டார்கள், நூறு நாள் வேலை கெடுத்துவிட்டது, இனி வடநாட்டு ஆட்களை மட்டும் எடு என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் ஓட்டல்காரர் வீட்டில் பிறந்தவர் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். என் பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் ஒரு மனிதர் ‘நல்ல மாஸ்டர் ஒருவர்’ என்று உள்ளே வருகிறார். ‘அவர் மனைவிக்கு’ ஆபரேஷன். ‘அவர்’ ரேஷன் கார்டு. ஞாயிற்றுக்கிழமை காலை வந்ததும் அவர் ‘ஆள்’. திருப்பூர் போய்ச் சேர்வதற்குள் ‘அவன்’. இதை நீங்கள் கவனித்து எழுதியிருக்க மாட்டீர்கள். அதனால்தான் எனக்கு இது பட்டது. முன்பணம் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வாயைக் கிளறிவிட்டீர்கள்.

முதலில் நீங்கள் கேட்டதற்குச் சொல்லிவிடுகிறேன். சமையல்கட்டுக்கு இன்டர்வியூ உதவாது. ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள் என்று ஒரு பரோட்டா மாஸ்டரிடம் கேட்டால், ‘கல்லுக்குப் பக்கத்துலதான் சார்’ என்பார். இரண்டு நாள் கூலி கொடுத்து வேலையில் நிற்க வையுங்கள். கடை கட்டும் நேரத்தில் கல்லை எப்படிச் சுரண்டித் துடைக்கிறார், மிஞ்சிய குருமாவை என்ன செய்கிறார், பாத்திரம் கழுவும் அக்காவை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்று பாருங்கள். அல்லது உங்களிடம் இருக்கும் எட்டுப் பேரிடம் ஆள் கேளுங்கள். அவர்கள் கூட்டி வருகிறவருக்கு அவர்களே ஜாமீன். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நூறு நாள் வேலையா? தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். உங்கள் சால்னா மாஸ்டர் ஏரிக்கரையில் மண்வெட்டியோடு நிற்கவில்லை, திருப்பூரில் கரண்டியோடு நிற்கிறார். வடநாட்டு ஆட்கள் விஷயத்திலும் உங்கள் நண்பர்கள் பாதிதான் பார்த்திருக்கிறார்கள். ஒடிசாவில் பலாங்கீர், நுவாபடா பக்கம் முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு செங்கல் சூளைக்கு ஆள் எடுப்பதற்கு ‘தாதன்’ என்றே பெயர் இருக்கிறது. சொந்த ஊரிலிருந்து வெகுதூரம் தள்ளி, பாஷை தெரியாத ஊரில், ஏஜென்ட்டிடம் கடன் பட்டு நிற்கிற ஒருவர் சொன்னதையெல்லாம் செய்தால் அதற்குப் பெயர் ஒழுக்கமா? அவருக்கு வேறு வழி இல்லை, அதுதான் உங்கள் நண்பர்களுக்குப் பிடித்திருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். நீங்கள் ஐ.டி.க்காரர், கணக்கு சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

திருப்பூரில் அவருக்கு 24,000 தருகிறார்கள். அவர் கைப்பக்குவம் திருப்பூர் பஸ்ஸில் ஏறியதும் கூடிவிடவில்லை. உங்களிடம் இருந்தபோதும் அவர் 24,000 ரூபாய் மாஸ்டர்தான். நீங்கள் 18,000 கொடுத்தீர்கள். மாதம் 6,000 வித்தியாசம், இருபது மாதம், 1,20,000 ரூபாய். சாப்பாடு, தங்க இடம் என்று ஏதாவது கழித்துக்கொள்ளுங்கள், அதைத் திருப்பூர்க்காரரும் தருவார், பரவாயில்லை. இப்போது சொல்லுங்கள், 40,000 யாருக்குப் பாக்கி?

அந்தக் குறைந்த சம்பளத்துக்கு அவர் ஏன் இருந்தார்? கணக்கை முடிக்காமல் போக முடியாது என்பதால் இருந்தார். முந்தைய கடையிலும் அப்படித்தான் இருந்திருப்பார். நீங்கள் வந்து 35,000 கட்டி அவரை அங்கிருந்து எடுத்தீர்கள். அந்தக் கடைக்காரர் அன்றைக்கு உங்களைப் பற்றி என்ன பேசியிருப்பார் என்று யோசித்தீர்களா? அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட மாஸ்டர் கையில் படவில்லை. ஒரு முதலாளி இன்னொரு முதலாளிக்குக் கொடுத்தது, அது இந்த மனிதர் தலையில் ஏறியது. மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அங்கேயாவது மாட்டின் பேரில் பற்று எழுதுவதில்லை.

இருபது மாதம் அவர் உங்களோடு இருந்தார் என்று நினைக்கிறீர்கள். இருந்தது கடன். அவர் விரும்பி இருந்தாரா, உங்களைப் பிடித்திருந்ததா, உங்கள் கடை வளர வேண்டும் என்று நினைத்தாரா, எதையும் நீங்கள் தெரிந்துகொள்ளவே வழியில்லாமல் போய்விட்டது. எண்ணெய் கருத்துவிட்டது சார், மாற்றுங்கள் என்று ஒருநாளாவது உங்களிடம் சொன்னாரா? பாக்கி வைத்திருப்பவர் சொல்ல மாட்டார். நல்ல ஆள் வேண்டும் என்கிறீர்கள். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல முடிகிற ஆள்தான் சமையல்கட்டில் நல்ல ஆள். அந்த வாயை 35,000 கொடுத்து அடைத்துவிட்டீர்கள்.

போலீஸ் புகார் யோசனையை விட்டுவிடுங்கள். 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் ஆனது. வாங்கிய கடனுக்காக ஒருவர் வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை இழந்தால் அந்தச் சட்டம் உள்ளே வருகிறது. அப்படி நிரூபணமானால் கடன் ரத்து. வைத்திருந்தவருக்கு மூன்று வருடம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். உங்களை அந்தக் கூட்டத்தில் சேர்க்கவில்லை தம்பி. ஆபரேஷன் என்றதும் யோசிக்காமல் 25,000 எடுத்துக் கொடுத்தவர் நீங்கள், அந்த மனசு எனக்குத் தெரிகிறது. ஆனால் டிராயரில் இன்னொருவர் ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் கேள்வி உங்கள் பக்கம் திரும்பும்.

அந்த ஆபரேஷனையும் பேசியாக வேண்டும். ஈ.எஸ்.ஐ. தொல்லை என்றார் உங்கள் ஆடிட்டர். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு அது உண்டு. முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. உங்கள் மாஸ்டருக்கு நீங்கள் கட்டியிருக்க வேண்டியது மாதம் 585 ரூபாய். பத்துப் பேருக்கும் சேர்த்தாலும் ஆறாயிரத்தைத் தாண்டாது. குடும்பத்துக்கும் சேர்த்து வைத்தியம். சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி உங்கள் கடையிலிருந்து அரை மணி நேரம். அந்தப் பத்தாவது ஆளைச் சேர்த்திருந்தால் 25,000-க்கு அவர் உங்கள் முன்னால் வந்து நின்றிருக்க மாட்டார். ஆடிட்டருக்கு இந்த யோசனைக்கும் சேர்த்து ஃபீஸ் கொடுத்திருப்பீர்கள்.

கோபமாகப் பேசுகிறேன். இந்தக் கோபம் எங்கள் வீட்டில் ஆரம்பித்தது.

என் அப்பா உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். 1958-இல், அவருக்குப் பன்னிரண்டு வயதில், அத்தை கல்யாணத்துக்காகத் தாத்தா திண்டுக்கல்லில் ஒரு கிளப்புக் கடைக்காரரிடம் நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டு இவரை அங்கே விட்டுவிட்டு வந்தார். எச்சில் இலை எடுக்க, டம்ளர் கழுவ. மூன்று வருடம் கழித்தும் நாற்பது ரூபாய் அடையவில்லை. உடைந்த டம்ளருக்கெல்லாம் பற்று எழுதினார்களாம். பதினைந்து வயதில் ஒரு ராத்திரி மார்க்கெட்டில் தக்காளிக் கூடை ஏற்றிய லாரியின் பின்னால் ஏறிப் படுத்தார். இறங்கியது பொள்ளாச்சியில். அங்கேயே டீ ஆற்றக் கற்று, பிறகு சொந்தமாக டிபன் கடை போட்டார். நாங்கள் படித்ததெல்லாம் அந்தக் கல்லாக் காசில்.

1983. எனக்குப் பதினொரு வயது. தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு எங்கள் டீ மாஸ்டர் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டார். நீள நோட்டில் அவர் பெயருக்கு ஒரு பக்கம் இருந்தது. பற்று, பற்று, பற்று என்று இறங்கிக் கீழே 312 ரூபாய். அப்பா அடுப்படியில் நின்று கத்தினார். ‘சோறு போட்ட கையைக் கடிச்சிட்டுப் போயிட்டான், திருட்டு நாயி. நாளைக்கே அவன் ஊருக்குப் போய் வீட்டு வாசல்ல நின்னு கேக்கறேன்.’ அம்மா ஆட்டுக்கல்லில் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். மாவைத் தள்ளிவிட்ட கை நிற்கவில்லை. தலையும் நிமிரவில்லை. ‘அந்தத் திண்டுக்கல் ஆளும் இதே வார்த்தையத்தான் சொல்லியிருப்பாரு’ என்றாள்.

அப்பா எதுவும் பேசவில்லை. மறுநாள் ஊருக்குப் போகச் சட்டையை இஸ்திரி போட்டு எடுத்து வைத்திருந்தார். போகவில்லை. அதை மாட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். 

அதற்குப் பிறகு முன்பணம் கொடுப்பதையே நிறுத்திவிட்டார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நிறுத்தவில்லை. அடுத்த மாஸ்டருக்கும் கொடுத்தார். கொத்தடிமைச் சட்டம் வந்து ஏழு வருடம் ஆகியிருந்தது, எங்கள் கடை வரைக்கும் வந்து சேரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஓடிப்போனவர் யாரையும் அவர் தேடிப் போனதில்லை, ‘அவன்’ என்றும் சொன்னதில்லை. அப்பா காலமான பிறகு பரணில் அந்த நோட்டு கிடைத்தது. 312-ஐ அடிக்கவும் இல்லை, அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகவும் இல்லை.

அட்வான்ஸ் தராவிட்டால் ஆளே வரமாட்டேன் என்கிறார்களே என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மைதான். ‘எவ்வளவு தருவீங்க’ என்பது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. காதுகுத்து, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், அம்மாவுக்குக் கண். பேங்க் வாசலில் அவர்களை யார் உள்ளே விடுகிறார்கள்? மிச்சம் இருப்பது கந்துவட்டி. அதைவிட வட்டியில்லாத உங்கள் பணம் தேவலை. அதனால் கொடுங்கள். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போக வேண்டாம். கைமாற்றாகக் கொடுங்கள், சம்பளத்தில் கை வைக்காமல் கொடுங்கள். ஊரில் என்ன சம்பளமோ அது அவருக்கும் வர வேண்டும். திருப்பித் தராமல் போனால் திரிந்த பால் என்று நினைத்துக் கீழே ஊற்றுங்கள். உங்கள் கடையில் மாதம் எவ்வளவு பால் திரிகிறது என்று பார்த்தீர்களானால் இந்தப் பணம் பெரிதாகத் தெரியாது. இன்னொரு கடையின் பாக்கியை மட்டும் எந்தக் காலத்திலும் நீங்கள் கட்டாதீர்கள்.

நேர்மையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா? அந்த மனிதர் மாதாமாதம் ரேஷன் கார்டை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். அரிசி வாங்கி வீட்டில் போட்டுவிட்டு, கார்டைத் திரும்பக் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்தார். ஒரு தடவையாவது தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிளம்பின அன்றும் டிராயரைத் திறந்து எடுக்கவில்லை. இதற்கு மேல் என்ன கேள்வி கேட்டு என்ன தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்?

இன்று தேதி 22. மாத அரிசி வாங்க அந்த அம்மாவுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. ஆபரேஷன் ஆன உடம்பு வேறு. கடிதத்தைப் படித்து முடித்ததும் கார்டை ஒரு கவரில் போட்டு, கார்டில் இருக்கிற விலாசத்துக்கே ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். உள்ளே சீட்டு எதுவும் வைக்காதீர்கள்.