ஞாயிறும் கொழுந்தும்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்கு (கையில் தரும் கூலிக்கு) தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனால் மாதா கோயில் பூசை தவறிவிடுகிறது. பாவமா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: சனிக்கிழமை மாலைப் பூசை கண்டாலே ஞாயிறு கடன் தீர்ந்தது. 1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1248ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. கொழுந்து மலையிலிருந்து நேரே கோயிலுக்கு ஓடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே பிளேன்டீ, ரொட்டியெல்லாம் முடிந்திருக்கவேண்டும். தண்ணீரும் மருந்தும் பரவாயில்லை.

சாமியார் மாதம் ஒருமுறைதான் வருகிற தோட்டமா? லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நாலு குடும்பம் கூடி அந்த ஞாயிறு வாசகங்களைப் படித்துச் செபிக்கலாம். அதே பிரிவு இதைப் பரிந்துரைக்கிறது. இரவு எட்டு மணிக்கு வைத்தால் பிள்ளைகள் தூங்கி விழும், ஆறரைக்கே தொடங்குங்கள். குடும்பத் தேவைக்கு உழைப்பது ஓய்வுநாளை மீறுவதாகாது. ஆனாலும் எல்லா ஞாயிறும் கூடை கட்டினால் உடம்பு தாங்குமா? மாதத்தில் இரண்டையாவது விடுங்கள்.