அப்பாரு பெட்டியில கெடந்த பித்தளை

கேள்வி: எங்க அப்பாரு ரெண்டாவது உலகப்போர் சமயத்துல பட்டாளத்துல இருந்தவருங்க. வீட்டுக்கு வெள்ளையடிக்கறப்போ அட்டாலியில ஒரு தகரப்பெட்டி கெடைச்சுது. 303ங்கற பட்டாளத் துப்பாக்கியோட பித்தளை எண்ணெய்க் குப்பி, துப்பாக்கிக் கட்டையோட அடியில வர்ற பித்தளைத் தகடு, ஒரு பயனெட் (துப்பாக்கி முனையில மாட்டற கத்தி), எதுக்குன்னே தெரியாத ஒரு சின்ன இரும்புத் தகடு எல்லாம் இருக்குதுங்க. பழைய சாமான்காரர் பித்தளைய மட்டும் எடைக்கு எடுத்துக்கறேங்கறாரு. புளி போட்டு வெளக்கிக் குடுத்தா கூட கெடைக்குமாங்க?
– வாசகி, கோபி

பதில்: மொதல்ல அந்தப் புளிய எடுத்து வெச்சிருங்கம்மா, தயவுசெஞ்சு வெளக்கீராதீங்க. எங்கிட்ட ஒருத்தர் இதே மாதிரி ஒரு குப்பி கொண்டாந்தாருங்க, தங்கமாட்ட மின்னுது, ஆனா செங்கப்பொடி போட்டுத் தேச்சதுல முத்திரையெல்லாம் மழுங்கிப்போச்சு, எந்தத் தொழிற்சாலைன்னே படிக்க முடியல, எனக்கு மனசே ஆறல. உங்க குப்பி மூடிய மெதுவாத் திருகிப் பாருங்க, உள்ள நீளமா மெல்லிசா ஒரு கரண்டி மூடியோடயே வரும், மூடிக்குள்ள தோல் வாஷர் இருக்கும். ரெண்டும் இருந்தா அது முழுசான சாமான்.

பித்தளைத் தகடு நெறையப் பேருகிட்ட இருக்குது, அதுக்குப் பெருசா வெலை கெடையாதுங்க. சாமான்காரர் வேண்டாம்னு தள்ளுன இரும்புத் தகடு இருக்குதே, அதைத்தான் நான் பாக்கோணும். ஒரு முனையில ஸ்க்ரூ ஓட்டை, ஓரத்துல விரல் வெச்சுத் தள்ள ஒரு மேடு இருந்தா அது கட்-ஆஃப். அதை உள்ள தள்ளுனா மேகசின்ல, அதாவது தோட்டா அடுக்கற பெட்டியில, இருக்கற 10 தோட்டாவும் அப்படியே நிக்கும், ஒவ்வொண்ணாப் போட்டுச் சுடலாம். 1907-ல வந்த மார்க் 3ங்கற 303 ரைஃபிள்ல இது இருந்துச்சு, மொத உலகப்போர் மும்முரத்துல சீக்கிரமா செய்யோணும்னு 1916-ல மார்க் 3 ஸ்டார்ங்கற அடுத்த வகையில விட்டுட்டாங்க, பொறவு பழுது பாக்கறப்போ பழைய ரைஃபிள்லயும் கழட்டிப் போட்டாங்க. அதனாலதான் கிராக்கி. கிராக்கி இருக்கறதால புதுசாவும் அடிச்சு விக்கறாங்க, ஓரமெல்லாம் கூரா, கருப்பு ஒரே சீரா, பொடி முத்திரை ஒண்ணுகூட இல்லாம இருந்தா நம்பாதீங்க. முழு ரைஃபிளா இருந்தா போல்ட் (தோட்டாவ உள்ள தள்ளி அடைக்கற பாகம்) நம்பரும் உடம்பு நம்பரும் ஒண்ணா இருக்குதான்னு பாப்பாங்க, உதிரிச் சாமானுக்கு முத்திரையும் தேய்மானமும்தான் சாட்சி.

பயனெட்ல கைப்பிடிக்குப் பக்கத்துல கிரீடம், 1907ங்கற எண், செஞ்ச மாசம் வருசம் எல்லாம் இருக்கும். 1907ங்கறது மாடல் பேருங்க, செஞ்ச வருசம் இல்ல, இதுல ஏமாந்தவங்க நெறைய. மொதல்ல வந்ததுல கைப்பிடிக்கு மேல இருக்கற குறுக்குத் தகட்டுல கொக்கி இருந்துச்சு, 1913-ல எடுத்துட்டாங்க, கொக்கி வெச்சதுக்கு வெலை ஜாஸ்தி. 1917-னு முத்திரை இருந்து கொக்கியும் இருந்தா பொறவு வெல்டு பண்ணி ஒட்டியிருக்காங்களான்னு அடியில பாருங்க. பழசுல அலகு 17 இஞ்ச் இருக்கும், 12 இஞ்ச்சுனா ரெண்டாவது உலகப்போர் சமயத்து நம்மூர் வகை.

விக்கறதுக்கு முன்னாடி ஒண்ணுங்க. 1959 ஆயுதச் சட்டத்துல துப்பாக்கியோட பாகமும் ஆயுதம்தான், 303 தடை செஞ்ச ரகம். தனியாக் கெடக்கற சில்லறைச் சாமானுக்கு வெலக்கு இருக்குது, ஆனா போல்ட், குழல், தோட்டா ஏதாச்சும் பெட்டியடியில கெடந்தா வீட்டுல வெச்சுக்காதீங்க, ஸ்டேசன்ல சொல்லீருங்க. பயனெட் பேரும் ஆயுத விதிப் பட்டியல்ல இருக்குது, அதையும் அங்கயே கேட்டுட்டு அப்பறம் வெலை பேசலாம்.