அரித்த எஃகும் அரிக்காத எஃகும் ஒரே எண்ணைக் காட்டுவது ஏன்?

ஆய்வு மாணவர் ஒருவரின் கேள்வி: குளிர்நிலையில் உருட்டிய மைல்ட் ஸ்டீல் துண்டுகளை எமரி தாளில் தேய்த்து, 3.5% உப்புக் கரைசலில் ஒரு மாதம் ஊறவைத்தேன். பாசிட்ரான்களை உமிழும் சோடியம்-22 மூலத்தை இரு துண்டுகளுக்கு நடுவில் வைத்துப் பாசிட்ரான் ஆயுட்காலம் (எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரான் உலோகத்தில் புகுந்து ஓர் எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும் வரையான நேரம்) அளந்தால், ஊறியது, ஊறாதது இரண்டும் சுமார் 150 பைக்கோ வினாடியே காட்டுகின்றன. எங்கே பிழை?

கருவி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அந்த 150, உருட்டாலையும் எமரி தாளும் விட்டுச்சென்ற எண். படிக அமைப்பில் குறையில்லாத இரும்பில் பாசிட்ரான் சுமார் 110 பைக்கோ வினாடி வாழும்; குறைகளில் எலக்ட்ரான்கள் குறைவு என்பதால் அங்கே சிக்கினால் கூடுதலாக வாழும். இடப்பெயர்வுகளில் (உருட்டும்போதும் தேய்க்கும்போதும் அணு வரிசைகளில் விழும் பிசகுகள்) சிக்கினால் 150, ஓர் அணு விடுபட்ட காலியிடத்தில் 175, பெரிய காலியிடத் திரள்களில் 300-ஐயும் தாண்டும். உங்கள் துண்டில் ஏறத்தாழ எல்லாப் பாசிட்ரான்களும் அரிமானத்துக்கு முன்பே இருந்த இடப்பெயர்வுகளில் சிக்கிவிடுகின்றன. புதிய குறைகள் வந்தாலும் அவற்றைத் தேடிப்போகப் பாசிட்ரான் மிச்சமில்லை.

எனவே வெட்டுவது, தேய்ப்பது எல்லாவற்றையும் முதலிலேயே முடித்துவிட்டு, வெற்றிடத்தில் 700° செல்சியஸில் இரண்டு மணி நேரம் அனீலிங் செய்து (சூட்டில் வைத்துப் பழைய குறைகளைப் போக்கி) உலையிலேயே ஆறவிடுங்கள். அதன்பின் எமரி தாளைத் தொடவே கூடாது. கரைசலில் போடுமுன் ஒருமுறை அளந்து பாருங்கள்: 120-ஐத் தாண்டினால் அந்தத் துண்டு உதவாது. முடிந்தால் தூய இரும்பில் தொடங்குவது நல்லது. மைல்ட் ஸ்டீலின் கார்பைடுகள் கணக்கைக் குழப்பும்.

இத்தனை செய்தும் வேறுபாடு தெரியாமல் போகலாம். சோடியம்-22 தரும் பாசிட்ரானின் உச்ச ஆற்றல் 0.545 மெகா எலக்ட்ரான் வோல்ட். இரும்பில் சுமார் 33 மைக்ரான் ஆழத்துக்கு ஒருமுறை அவற்றின் எண்ணிக்கை 2.7 மடங்கு குறையும். அரிமானக் குறைகள் முதல் ஒரு மைக்ரானுக்குள் இருந்தால், அங்கே நிற்பவை நூற்றுக்கு மூன்றுதான். அந்த மூன்றும் காலியிடத்தில் சிக்கினாலும் சராசரி ஆயுட்காலம் 2 பைக்கோ வினாடி மட்டுமே நகரும். மூலத்தைப் பொதிந்த காப்டன் என்ற பாலிமர் உறையிலேயே அழியும் பாசிட்ரான்களின் பங்கை (382 பைக்கோ வினாடி, பத்து விழுக்காட்டை ஒட்டி) கழிப்பதில் வரும் பிழையே அதை விழுங்கிவிடும். அந்தப் பங்கைச் சிலிக்கானில் அளந்து இரும்புக்குப் பொருத்தாதீர்கள். துண்டின் அணு எண் கூடினால் பின்சிதறல் (பாசிட்ரான்கள் துண்டில் பட்டு மூலத்தின் பக்கம் திரும்புவது) கூடி, பங்கும் கூடும். அனீலிங் செய்த தூய இரும்பிலேயே அளவிடுங்கள்.

மேற்பரப்புதான் உங்கள் கேள்வி என்றால் மெதுவேகப் பாசிட்ரான் கற்றைக்கு (பாசிட்ரான்களின் ஆற்றலைக் குறைத்து, வேண்டிய அளவுக்கு மாற்றித் தரும் கருவி) போவதே வழி. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் அத்தகைய கற்றை உண்டு. இரும்பில் 5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் சராசரி ஆழம் சுமார் 67 நானோமீட்டர், 30-இல் 1.2 மைக்ரான். ஆற்றலை மாற்றிக்கொண்டே டாப்ளர் விரிவின் (பாசிட்ரான் அழியும்போது வரும் காமா கதிரின் ஆற்றல் பரவல்) எஸ் அளவை, அதாவது குறைகள் கூடினால் கூடும் எண்ணை, வரைந்தால், குறை எந்த ஆழத்தில் என்பது தெரியும். குழி அரிமானத்துக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. கற்றையின் விட்டத்துக்குள் குழியும் நல்ல பரப்பும் கலந்துவிடும்.

துருவை அப்படியே விட்டு அளக்காதீர்கள். இறுகிய ஆக்சைடு 50 மைக்ரான் இருந்தாலே பாதிக்கு மேல் பாசிட்ரான்கள் அதிலேயே அழியும். ஆயுட்கால நிறமாலையில் ஒரு நானோ வினாடிக்கு மேற்பட்ட கூறு தெரிந்தால், அது துருவின் நுண்துளைகளில் உருவான பாசிட்ரோனியம் (பாசிட்ரானும் எலக்ட்ரானும் அழியுமுன் இணைந்திருக்கும் நிலை) என்று முதலில் சந்தேகப்படுங்கள். உலோகத்துக்குள் பாசிட்ரோனியம் உருவாகாது. துருவை நீக்க கிளார்க் கரைசல் போதும்: ஒரு லிட்டர் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 20 கிராம் ஆன்டிமனி டிரைஆக்சைடு, 50 கிராம் ஸ்டானஸ் குளோரைடு, அறை வெப்பநிலை, ஃபியூம் ஹூட் எனும் நச்சுப்புகை வெளியேற்றும் பெட்டிக்குள். அரிக்காத துண்டையும் அதே நேரம் அதே கரைசலில் முக்குங்கள். பலர் விடுவது இந்த இடத்தில்தான். பிறகு அமிலத்தால் வந்த மாற்றத்தை அரிமானத்தின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

ஆயுட்கால நிறமாலையை இரு கூறுகளாகப் பிரித்தபின் ஒரு சோதனை: ஒவ்வொரு கூறின் செறிவையும் (மொத்தத்தில் அதன் பங்கு) அதன் ஆயுட்காலத்தால் வகுத்துக் கூட்டி, தலைகீழாக்குங்கள். 110-ஐ ஒட்டி வராவிட்டால் பொருத்தம் தவறு, அல்லது குறை ஒரே வகையானது அல்ல. குறைந்தது பத்து இலட்சம் எண்ணிக்கை சேராமல் பிரிக்கவே முனையாதீர்கள்.

175 கிடைத்தாலும் உடனே தனிக் காலியிடம் என்று எழுதாதீர்கள். தூய இரும்பில் காலியிடங்கள் அறை வெப்பநிலைக்குக் கீழேயே நகரத் தொடங்கிவிடும். நிலைத்திருப்பவை ஹைட்ரஜனையோ வேற்றணுவையோ பற்றியிருக்கக்கூடும். ஹைட்ரஜன் புகுந்த காலியிடம் 175-க்குக் குறைவாகக் காட்டும், ஹைட்ரஜன் வெளியேற எண்ணும் மாறும். கரைசலிலிருந்து எடுத்த நேரத்தைக் குறித்து, எல்லாத் துண்டுகளையும் அதே இடைவெளியில் அளவிடுங்கள். காத்திருக்க நேர்ந்தால் திரவ நைட்ரஜனில் வையுங்கள்.