பைனாகுலரா, கேமராவா? கோடையில் காட்டுயிர் பார்க்கக் கிளம்புவோருக்குக் கேள்வி-பதில்

கேள்வி: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு வால்பாறைக்கும் முதுமலைக்கும் போகிறோம். கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. கேமரா வாங்கலாமா, பைனாகுலர் வாங்கலாமா? கடைக்காரர் 20×50 பைனாகுலரைக் காட்டி, இதுதான் தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவரும் என்கிறார். (கோவை வாசகர்)

பதில்: பைனாகுலர் வாங்குங்கள். ஆனால் 20×50 வேண்டாம், 8×42 போதும்.

முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது எண் முன் லென்ஸின் விட்டம், மி.மீ. கணக்கில். 20 மடங்கு பெரிதாகக் காட்டும் கருவி உங்கள் கை நடுக்கத்தையும் 20 மடங்காக்கிக் காட்டும். ஸ்டாண்டு இல்லாமல் அதில் பறவையின் அலகைக்கூட நிலையாகப் பார்க்க முடியாது. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42-ல் அது 5.25 மி.மீ., 20×50-ல் வெறும் 2.5 மி.மீ. சோலைக்காட்டுக்குள் காலை ஆறரை மணி வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அதோடு, 8 மடங்கில் 1000 மீட்டர் தள்ளி ஏறக்குறைய 120 முதல் 140 மீட்டர் அகலம் பார்வைக்குள் வரும். 20 மடங்கில் அது பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். "அந்த மரத்துல இருவாச்சி உட்கார்ந்திருக்கு" என்று காட்டினால், மரத்தைக் கண்டுபிடிப்பதற்குள் பறவை போய்விடும்.

கடையில் இவற்றைச் சோதித்துப் பாருங்கள். பைனாகுலரைக் கையை நீட்டிப் பிடித்து, வெளிச்சத்தை நோக்கித் திருப்பிக் கண் வைக்கும் பக்கத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு ஒளிவட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருந்தால் உள்ளே இருப்பது நல்ல பிரிசம். ஓரங்கள் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டு, வட்டம் சதுரம்போலத் தெரிந்தால் மலிவான கண்ணாடி. அடுத்து, தூரத்து மின்கம்பியையோ மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரையோ பார்த்துக்கொண்டே கருவியைக் கண்ணிலிருந்து மெல்லப் பின்னுக்கு இழுங்கள். இரண்டு வட்டத்திலும் அந்தக் கோடு ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஏறியோ இறங்கியோ இருந்தால், பத்து நிமிடத்தில் தலைவலி வரும். அதை வாங்கவே வேண்டாம். சிவப்பாக மின்னும் லென்ஸையும் தவிருங்கள். அது சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் காட்சி பச்சை பாய்ந்து தெரியும். தெருவோரக் கடையில் "30×60" என்று அச்சடித்த கையடக்கக் கருவியைக் கண்டால் ஒரு ஸ்கேலை எடுத்து முன் லென்ஸை அளந்து பாருங்கள். 60 மி.மீ. இல்லையென்றால் 30 மடங்கும் பொய்தான்.

கண்ணாடி அணிபவராக இருந்தால் 'ஐ ரிலீஃப்', அதாவது கண்ணைத் தள்ளி வைத்தும் முழுக் காட்சி தெரியும் தூரம், 16 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். பிள்ளைகளையும் கடைக்கு அழைத்துப் போங்கள். சிறு பிள்ளைகளின் கண்கள் நெருக்கமாக இருப்பதால், சில பைனாகுலர்களை எவ்வளவு மடக்கினாலும் அவர்களுக்கு இரண்டு வட்டமாகவே தெரியும்.

வாங்கியதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வலது லென்ஸை மூடிக்கொண்டு, நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்கு ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கத்து வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். இதைச் செய்யாமலேயே "படம் தெளிவா இல்லை" என்று நல்ல கருவியைத் திருப்பிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: நிக்கான் பி950 கேமராவில் 83 மடங்கு ஜூம் இருக்கிறது. அதே அளவு எடையில் கேனான் ஆர்10 கேமராவும் 100-400 மி.மீ. லென்ஸும் வாங்கினால் ஜூம் குறைவுதானே? எதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும்? (திருச்சி)

பதில்: எடை உண்மையில் கிட்டத்தட்ட ஒன்றுதான். பி950 ஒரு கிலோவைத் தொடும். ஆர்10-ம் ஆர்எஃப் 100-400 லென்ஸும் சேர்ந்து அதைவிடச் சற்றே கூடுதல். வித்தியாசம் சென்சாரில், அதாவது படம் விழும் தகட்டில் இருக்கிறது. பி950-ன் சென்சார் சுமார் 6 மி.மீ. அகலம்தான். ஆர்10-ல் இருப்பது பரப்பில் அதைப்போல ஏறக்குறைய 12 மடங்கு. நல்ல வெயிலில் கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியை எடுக்க பி950 அருமையான கருவி. 35 மி.மீ. பிலிம் கேமரா கணக்கில் 2000 மி.மீ. லென்ஸுக்குச் சமமான எட்டல் வேறு எதிலும் இந்த விலைக்குக் கிடைக்காது. ஏரிக்கரையில் நின்று நீர்ப்பறவை பார்ப்பவருக்கும், மாடியிலிருந்து படமெடுப்பவருக்கும் அதையே சொல்வோம்.

மரநிழலிலும் அதிகாலையிலும் கதை மாறிவிடும். முழு ஜூமில் துளை எஃப்/6.5 ஆகச் சுருங்குவதால், கேமரா ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, ஏற்றும். இறகின் இழைகள் களிம்பு பூசினாற்போல் கரைந்துவிடும். பறக்கும் பறவையைப் பிடிக்கவும் அதன் ஃபோகஸுக்கு வேகம் போதாது. ஆர்10-ல் 400 மி.மீ. என்பது 640 மி.மீ.க்குச் சமம். அந்த 24 மெகாபிக்சல் படத்தின் நடுப்பகுதியைப் பாதி அகலத்துக்கு வெட்டினால் 1280 மி.மீ. ஆகிவிடும், 6 மெகாபிக்சல் மிஞ்சும். ஏ4 அச்சுக்கு அது போதும். ஆனால் அந்த லென்ஸும் 400-ல் எஃப்/8 தான் (இந்த எண் கூடினால் வரும் ஒளி குறையும்). அடர்காட்டில் அதுவும் திணறும் என்பதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

கோடையில் இன்னொரு சங்கதி. காலை பத்து மணிக்கு மேல் தரையிலிருந்து கானல் எழும். 200 மீட்டர் தள்ளி நிற்கும் மானை எந்த விலை லென்ஸில் எடுத்தாலும் அலையடித்தே தெரியும். இதை லென்ஸ் குறை என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டாம். அதே லென்ஸை அதிகாலையில் 30 மீட்டர் தூரத்துப் பொருளின் மேல் வைத்துச் சோதியுங்கள். ஏசி ஓடும் காரின் சன்னலை இறக்கி உடனே எடுத்தாலும் இதே கோளாறு வரும். குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் லென்ஸின் வாயிலேயே கலப்பதுதான் காரணம்.

கேள்வி: லென்ஸோடு 95 மி.மீ. யுவி ஃபில்டரையும் வாங்கச் சொல்கிறார்களே, அவசியமா? (சேலம்)

பதில்: இல்லை. நீளமான லென்ஸின் முன்னால் மலிவான கண்ணாடி மாட்டினால் கூர்மை போகும். லென்ஸோடு வரும் ஹுட்டே நல்ல காப்பு.

கேள்வி: பழைய 150-600 லென்ஸ் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. என்ன பார்த்து வாங்குவது? (சென்னை)

பதில்: முதலில் பூஞ்சை. கடலோர ஊர்களில் விற்கப்படும் பழைய லென்ஸ்களுக்கு இதுதான் முதல் எதிரி. இரு மூடிகளையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்பக்கமாகப் பாருங்கள். தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும், அது பரவாயில்லை. சிலந்தி நூல்போலக் கிளைவிட்டுப் பரவியிருந்தால் பூஞ்சை. அது வெளியிடும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும், துடைத்தாலும் தழும்பு போகாது. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்து, மவுண்ட்டின் (கேமராவில் மாட்டும் வளையத்தின்) திருகாணித் தலைகளைப் பாருங்கள். கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். சுவரில் செய்தித்தாளை ஒட்டி, லென்ஸை ஸ்டாண்டில் வைத்து, 600 மி.மீ.யில் துளையை முழுதாகத் திறந்து எடுங்கள். நான்கு மூலையிலும் எழுத்து ஒரே அளவு தெளிவாக இருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே லென்ஸ் நகர்ந்திருக்கிறது, அநேகமாகக் கீழே விழுந்திருக்கும். டிஎஸ்எல்ஆர் காலத்து லென்ஸை மிரர்லெஸ் கேமராவில் அடாப்டர் போட்டு மாட்டுவதாக இருந்தால், உங்கள் கேமராவையும் அடாப்டரையும் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். ஃபர்ம்வேர் (உள்ளிருக்கும் மென்பொருள்) புதுப்பிக்காத சில லென்ஸ்கள் ஃபோகஸ் பிடிக்காமல் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும்.

வாங்கிய பிறகு அதைத் தோல் உறைக்குள் வைக்காதீர்கள், தோல் ஈரம் பிடிக்கும். ரப்பர் வளையமுள்ள காற்றுப்புகா பிளாஸ்டிக் டப்பா, கால் கிலோ சிலிக்கா ஜெல், சின்னதாக ஓர் ஈரப்பதமானி: இவை போதும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் காயவைக்கும் நேரம் வந்துவிட்டது. அரிசியைப் போட்டு வைப்பவர்கள் உண்டு. மாவுத்தூசிதான் மிச்சம்.

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் பறவைகளுக்குத் தண்ணீர் வைத்து, பக்கத்தில் ஒரு டிரெயில் கேமரா (விலங்கு வந்தால் தானாகவே படமெடுக்கும் கேமரா) கட்டினேன். இரவில் மரநாயும் பூனையும் பதிவாகின்றன. பகலில் கீரி கண்முன்னே ஓடியும் ஒரு படம்கூட இல்லை. கேமரா பழுதா? திருப்பிக் கொடுக்கலாமா? (தஞ்சாவூர்)

பதில்: பெரும்பாலும் பழுதாக இருக்காது. இந்தக் கேமராவின் உணரி அசைவைப் பார்ப்பதில்லை, வெப்ப வித்தியாசத்தைப் பார்க்கிறது. விலங்கின் உடல் மேற்பரப்பு பின்னணியைவிடச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ இருந்து, அது குறுக்கே நகர்ந்தால்தான் ஷட்டர் தட்டும். மே மாதப் பகலில் தஞ்சாவூர் மண்ணும் சுவரும் கீரியின் உடம்பளவுக்குச் சூடாகிவிடுகின்றன. உணரிக்குக் கீரியும் தரையும் ஒன்றுதான். இரவில் தரை ஆறியதும் எல்லாம் சரியாகத் தெரிகிறது.

சென்சிட்டிவிட்டியை 'ஹை'யில் வையுங்கள். தரையிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்தில், சுமார் 30 செ.மீ.யில், கட்டுங்கள். கேமரா வடக்கு பார்த்திருக்கட்டும். கிழக்கோ மேற்கோ பார்த்தால் வெயில் நேரே விழுந்து வெற்றுப் படங்களாக நிறைக்கும். கீரி வரும் தடத்துக்கு நேர் எதிராக வைக்காமல், அது குறுக்கே கடக்கும்படி 2 அல்லது 3 மீட்டர் தள்ளி வையுங்கள். பின்னணி நிழலாக இருக்கட்டும், காலையில் அந்த இடத்தில் தண்ணீர் தெளித்துவிட்டால் மண் குளிர்ந்து வேறுபாடு கூடும். எட்டு பேட்டரியில் புதியதும் பழையதும் கலந்து போடாதீர்கள்.

பழுதா என்று தெரிய, காலை ஆறு மணிக்கு, மண் குளிர்ந்திருக்கும்போது, 3 மீட்டர் தள்ளிக் குறுக்கே நடந்து பாருங்கள். அப்போதும் படம் விழவில்லையென்றால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். பெட்டியில் "48 மெகாபிக்சல்" என்று போட்டிருப்பதைப் பெரிதாக எடுக்க வேண்டாம், சின்னப் படத்தை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்குவதுதான் அது.

தண்ணீர்த் தட்டுக்கு அகலமான மண்சட்டியே சிறந்தது. பிளாஸ்டிக் வெயிலில் கொதிக்கும், வழுக்கவும் செய்யும். ஆழம் 5 செ.மீ.க்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து அதில்தான் ஏறி நிற்கும். தினமும் கொட்டித் தேய்த்து மாற்றுங்கள். ஒரு வாரம் விட்டால் கொசு உற்பத்தியாகிவிடும். புதரிலிருந்து 2 மீட்டராவது தள்ளியிருந்தால் பூனை பாயுமுன் பறவைக்குத் தப்ப நேரம் கிடைக்கும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய லென்ஸின் ஃபோகஸ் மோட்டார் இரண்டே மாதத்தில் நின்றுவிட்டது. "ஒரு வருட வாரண்டி" என்று பக்கத்தில் போட்டிருந்தது. சர்வீஸ் சென்டரில், இது இந்திய இறக்குமதி இல்லை என்று கைவிரிக்கிறார்கள். விற்றவர் பதில் தருவதில்லை. (மதுரை)

பதில்: வாரண்டி யாருடையது என்பதை முன்பே பார்த்திருக்க வேண்டும். தயாரிப்பு நிறுவனத்தின் இந்திய வாரண்டி வேறு, விற்பவர் தரும் 'செல்லர் வாரண்டி' வேறு. முறையாக வந்த பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, மாதமும் ஆண்டும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அது இல்லாவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். பில்லில் ஜிஎஸ்டி எண்ணும் லென்ஸின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும்.

ஆனால் உங்கள் வழி அடைபடவில்லை. வாக்குக் கொடுத்தவர் விற்பனையாளர், அவர்தான் பொறுப்பு. விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்த தாள் மூன்றையும் சேருங்கள். விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லையென்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க அனுமதிக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. கோளாறு ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கேள்வி: முதுமலையை ஒட்டிய மசினகுடியில் ஜீப்பில் 'நைட் சஃபாரி' கூட்டிப்போவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா? (ஈரோடு)

பதில்: கட்டாதீர்கள். புலிகள் காப்பகத்துக்குள் இரவுச் சவாரிக்கு அனுமதி கிடையாது. மாட்டினால் அபராதம் உங்களுக்கும் உண்டு, முன்பணத்துக்கு ரசீதும் இருக்காது. யானை விலகிப்போக இடமில்லாத சாலையில் விளக்கடித்துத் துரத்துவதுதான் இந்த 'சஃபாரி'. முதுமலைக்குள் வனத்துறை வாகனத்தில் மட்டும் போங்கள், கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். காட்டுத்தீக் காலத்தில் சவாரிகளை நிறுத்துவார்கள். வரையாடு குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூணாறு அருகே உள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவும் மூடியிருக்கும். விடுதிக்குப் பணம் கட்டுமுன் திறந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

கேள்வி: மே மாதம் விமானத்தில் நாக்பூர் போய், அங்கிருந்து தடோபா புலிகள் காப்பகம். கேமராவுக்கு என்ன ஏற்பாடு? (நாகர்கோவில்)

பதில்: கழற்றிய பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில் மட்டும்தான். செக்-இன் பெட்டியில் இருந்தால் திறந்து எடுத்துவிடுவார்கள். எல்லை 100 வாட்-மணி. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-மணி, போகலாம். 30,000 என்றால் 111, விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். பேட்டரி முனைகளில் டேப் ஒட்டிவிடுங்கள்.

பெரும்பாலான கேமராக்கள் 40 டிகிரி வரைக்கும்தான் உத்தரவாதம். அங்கே மே மாதம் 45-ஐத் தொடும். நிறுத்திய காரில் விட்டுப்போகாதீர்கள், கறுப்பு லென்ஸின் மேல் வெள்ளைத் துண்டைப் போட்டு வையுங்கள். ஏசி அறையிலிருந்து கிளம்ப அரைமணி முன்பே பையை ஜிப் திறக்காமல் வெளியே வைத்துவிட்டால் லென்ஸில் நீர் பூக்காது.

திறந்த ஜிப்சி ஜீப்பில் டிரைபாட் விரிக்க இடமிருக்காது. அதற்குப் பதில் லென்ஸைத் தாங்க, தையல்காரரிடம் கெட்டித் துணியில் 30×20 செ.மீ. பை ஒன்று தைத்து, ஒரு பக்கம் ஜிப் வைத்து, வெறும் பையாகவே கொண்டுபோங்கள். அங்கே போனதும் 2 கிலோ அரிசி வாங்கி முக்கால்வாசி நிரப்புங்கள். முழுக்க அடைத்தால் லென்ஸ் அமுங்கி உட்காராமல் உருளும். ஊர் திரும்பும் அன்று அரிசியை விடுதிச் சமையலறையில் கொடுத்துவிடலாம்.