மூன்று மாத்திரை போட்டும் இறங்காத பிரஷர்

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. மூன்று பிரஷர் மாத்திரை சாப்பிட்டும் 160/100-க்குக் கீழே இறங்கவில்லை. வேறு டாக்டரிடம் காட்டினால் இப்போது பார்ப்பவர் கோபித்துக்கொள்வாரோ?

பதில்: தாராளமாகக் காட்டுங்கள். இதற்கெல்லாம் கோபப்படும் டாக்டர் என்றால் அதுவே மாறுவதற்கு ஒரு காரணம்தான்! அவரிடமே கடிதம் கேட்டு வாங்கி, சிறுநீரக நிபுணரையோ ஹார்மோன் நிபுணரையோ பாருங்கள். மூன்று மருந்தும், அதில் ஒன்று நீர் பிரிய வைக்கும் மாத்திரையாக இருந்து, முழு அளவில் கொடுத்தும் இறங்காவிட்டால் உள்ளே வேறு காரணம் இருக்கிறதா என்று தேடத்தான் வேண்டும்: சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியில், உடலில் உப்பைத் தேக்கிவைக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் அதிகம் சுரப்பது (ரத்தப் பரிசோதனையில் பிடிபடும், ஆனால் பலருக்கு எழுதித் தருவதே இல்லை), சிறுநீரக ரத்தக்குழாய் அடைப்பு, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது.

அப்புறம், மூட்டுவலிக்கென்று டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் விழுங்குகிறாரா? அதுவும் பிரஷரை ஏற்றும். கைக்குச் சின்னதான பட்டையைச் சுற்றி அளந்தாலும் அளவு கூடுதலாகத்தான் காட்டும். ஒரு வாரம் காலை, மாலை வீட்டில் அளந்து எழுதிய தாளையும், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். அதுவரை எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், மூச்சுத்திணறல் வந்தால் நிபுணருக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.